மனிதர் இல்லாத பதினொரு படங்கள்

தையல்காரர் ஏழு வருடமாக வசந்தத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். ஏழு வருடமும் சங்கத்தின் கண்காட்சித் தேர்வில் அந்தப் படங்கள் நிராகரிக்கப்பட்டன. ஒரு வருடம் பறவையின் வால் வெட்டுப்பட்டிருந்தது. ஒரு வருடம் பூக்களுக்குப் பின்னால் ஒரு பேருந்து எட்டிப் பார்த்தது. போன வருடம் படத்தில் ஒரு குறையும் இல்லை, செயலாளருக்குத் தலைவலி.

அது அவரையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் கொண்ட புகைப்படச் சங்கம். பல் டாக்டர், வங்கிக் காசாளர் அம்மாள், பள்ளிக்கூட வேன் ஓட்டுநர் என்று எல்லாரும் பொழுதுபோக்குக்காரர்கள்தான். ஆனால் பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் இருந்துவிட்டு வந்த செயலாளருக்குப் பொழுதுபோக்கு என்றாலும் விதி வேண்டும். விதிகள் நாற்பத்தொன்று. அவற்றில் மூன்று முக்கியம். படமெடுக்கக் கூட்டுக்குப் பத்தடிக்குள் போகக்கூடாது. கூடு தாங்கும் பொருளை, குஞ்சுகள் பறக்கும் வரை அசைக்கக்கூடாது. கண்காட்சிப் படத்தில் மனிதரோ மனிதரின் நிழலோ இருக்கக்கூடாது.

இந்த வருடம் செயலாளர் நாற்பத்திரண்டாவதையும் சேர்த்தார். எட்டாவது முறையும் தோற்பவர் உறுப்பினர் இல்லை, வெறும் ஆதரவாளர். மற்றவர்களுக்குக் கேமரா முக்காலி தூக்குவது அவர் வேலை. இந்த விதி யாருக்காகப் பிறந்தது என்பதைத் தையல்காரருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுவரில் ஒரே ஒரு படம் தொங்கினால் போதும், பிறகு கேமராவைப் பரண்மேல் போட்டுவிடலாம் என்று அவர் ஏங்கினார். வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

ஆகவே அவர் தனக்கு வேண்டிய வேலையைத் தனக்குத் தெரிந்த வழியில் செய்தார். கோட்டுத் துணியின் மிச்சம், பழைய திரைச்சீலை, குடைத்துணி எல்லாவற்றையும் வெட்டி நானூறு இலைகள் தைத்தார். தொப்பி, காலர், கணுக்கால்வரை அங்கி, மூன்றும் ஒரே துண்டு. தலைவழியாகத்தான் போடவும் கழற்றவும் முடியும். போட்டுக்கொண்டு வீட்டு வாசலில் நின்றார். தபால்காரர் அவரைச் சுற்றிக்கொண்டு போய்க் கடிதத்தைப் போட்டார்.

ஏரிக்கரையில் ஒரு வெள்ளைப் பூப்புதர் உண்டு. கட்டைவிரல் அளவிலான நீலத்தலைக் குருவி வசந்தத்தில் அங்கேதான் வரும். சனிக்கிழமை விடிந்ததும் தையல்காரர் புதருக்கு எதிரே முக்காலியை வைத்து, அதற்குப் பின்னால் நின்று, கேமராவின் பொத்தான் வயரைக் கைக்குள் பொத்திக்கொண்டார். மற்ற பதினொரு பேரும் ஆளுக்கொரு மூலையில் பதுங்கினார்கள். குருவி வந்தது. புதரை ஒரு பார்வை பார்த்தது. தையல்காரரை ஒரு பார்வை பார்த்தது. பிறகு வாயில் ஒரு நாரோடு வந்து அவர் தொப்பியில் உட்கார்ந்தது.

மத்தியானத்துக்குள் பாதிக் கூடு முடிந்துவிட்டது.

பதினொரு பேரும் தவழ்ந்து வந்து, அவருக்கும் புதருக்கும் நடுவில், பத்தடி அளந்து வரிசையாகப் படுத்துக்கொண்டார்கள். இனி அவர் கேமராவுக்குப் புதர் தெரியாது, இவர்கள் முகம்தான் தெரியும். தன் தலைக்கு மேல் இருப்பதைத் தானே பார்க்கிற வித்தை யாருக்கும் வராது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவருக்குத் தலைக்கே எட்டியும் கண்ணுக்கு எட்டவில்லை.

சாயங்காலம் மனைவி தேடிக்கொண்டு வந்தாள். தொப்பியைக் கழற்றி ஒரு கம்பில் மாட்டினால் என்ன என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனால் கொலைக்கு யோசனை சொன்னவளைப் பார்ப்பதுபோல் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். செயலாளர் கிசுகிசுப்பாக விதியைப் படித்துக்காட்டினார். தொப்பி அசையாமல் தையலைப் பிரித்து அவரை மட்டும் உருவிவிடலாமே என்று அவள் அதைத் தடவிப் பார்த்தாள். இரட்டைத் தையல், அதுவும் தன் வீட்டுக்காரர் கைத்தையல். அது இந்த ஜென்மத்தில் பிரியாது என்று அவளுக்கே தெரியும்.

"எப்ப வீட்டுக்கு வருவீங்க?" என்று கேட்டாள்.

அவர் பேசினால் தலை அசையும். செயலாளர்தான் பதில் சொன்னார். "முட்டை மூணு போடும்மா. எப்படியும் இருபத்தாறு நாள் ஆகும்."

இருபத்தாறு நாளும் நின்றார். பொழுது சாய்ந்து குருவி அடங்கியதும் பின்னாலிருந்து மெல்ல, தலை இறங்காத அளவு உயரமான ஒரு நாற்காலியைத் தள்ளுவார்கள், விடிவதற்குள் உருவிவிடுவார்கள். காசாளர் அம்மாள் நீளக் கரண்டியால் கஞ்சி ஊட்டினாள். பல் டாக்டர் தினமும் அவர் கேமராவுக்கு பேட்டரி மாற்றினார், கூடவே பல்லையும் பார்த்துக்கொண்டார். மற்ற விஷயங்களைக் கேட்காதீர்கள். அதற்கும் செயலாளர் ஒரு துணைக்குழு போட்டிருந்தார். மனைவி கடையைப் பார்த்துக்கொண்டாள். அளவு சந்தேகம் வந்தால் சட்டையோடு ஏரிக்கரைக்கு வருவாள். சரி என்றால் ஒரு முறை கண் சிமிட்டுவார், பிரிக்க வேண்டும் என்றால் இரண்டு முறை.

பதினான்காம் நாள் காலை தலைக்கு மேல் கீச்சென்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. எதிரே படுத்திருந்த பதினொரு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கினார்கள். செயலாளரின் வாய் திறந்தது, மூடவில்லை. காசாளர் அம்மாள் கையைக் கூப்பிக்கொண்டாள். ஆயிரம் பல்லைப் பிடுங்கிய டாக்டர் தேம்பினார். தையல்காரருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. என் தலையில் நடக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லையே என்று மனம் வெந்தது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமல் பொத்தானை அழுத்தினார். அந்த இருபத்தாறு நாளில் அவர் எடுத்தது அந்த ஒரே படம்.

குஞ்சுகள் பறந்த மறுநாள் தேர்வுக் கூட்டம். பதினொரு பேரின் பதினொரு படங்களும் பத்தே நிமிடத்தில் தேறிவிட்டன. பன்னிரண்டாவதை எடுத்துச் செயலாளர் விரலால் எண்ணினார்.

"மனித நடமாட்டம், பதினொண்ணு. தள்ளுபடி."

தையல்காரர் எழுந்தார். இருபத்தாறு நாள் பேசாத தொண்டை கரகரத்தது. "அப்ப மத்த படத்துல எல்லாம் நிக்கிறது யாரு சார்?"

செயலாளர் நேர்மையான மனிதர். பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு படமாகப் பார்த்தார். கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு சொன்னார். மனிதர் என்று நீங்கள் சொன்னால் மனிதர்தான். அப்போது பதினொன்றும் தள்ளுபடி, இந்த வருடம் கண்காட்சியே கிடையாது. மரம் என்றால் மரம் என்று ஒரு உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். படிவம் தயாராகவே இருந்தது. பதிவு அலுவலகப் பழக்கம் எங்கே போகும்.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கஞ்சி ஊட்டியவள் தரையைப் பார்த்தாள். தையல்காரர் மேசையில் கிடந்த படங்களைப் புரட்டினார். பல் டாக்டரின் படத்தில் கை நின்றது. கூட்டு விளிம்பில் முட்டை ஓடு பாதி உடைந்திருந்தது. உள்ளே இறகு முளைக்காத ஒரு குஞ்சின் அரிசியளவு அலகு, வானத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. தன் தலையில் நடந்ததை அவர் அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தார். இதைத் தன் வாயால் குப்பையில் போடச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

மரம் என்று கையெழுத்துப் போட்டார். எட்டாவது தோல்வி. ஆதரவாளர் ஆனார்.

கண்காட்சிக்கு மனைவியும் வந்தாள். நூலகக் கூடத்தில் கூட்டம் அலைமோதியது. பறவையைப் பாராட்டினார்கள், கூட்டைப் பாராட்டினார்கள், என்ன மரம் என்று இரண்டு பேர் சண்டைகூடப் போட்டார்கள். அவள் பதினொரு படத்தையும் பொறுமையாகப் பார்த்துவிட்டுக் கணவன் காதருகே வந்தாள்.

"இடது தோள் இறங்கியிருக்கு. வீட்டுக்குப் போய் எண்ணெய் தேச்சு விடறேன்," என்றாள். பிறகு, "உங்க படம் எங்க?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதை வாங்கியவள் திருப்பித் தரவில்லை. மறுநாள் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கடையில், வாடிக்கையாளர் புதுத்துணி போட்டுப் பார்க்க நிற்கும் இடத்துக்கு எதிர்ச்சுவரில் மாட்டிவிட்டாள்.

முதலில் வந்தவர் ஒரு கணக்கர். கோட்டைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தவர் அப்படியே நின்றார். எதிரே பதினொரு பேர், வாயைப் பிளந்து, கைகூப்பி, கண்ணீர் விட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெல்ல மார்பை விரித்தார். கோட்டைக் கழற்றாமலே வீட்டுக்குப் போனார். அடுத்த வாரத்திலிருந்து, தைக்க எதுவும் இல்லாதவர்களும் வர ஆரம்பித்தார்கள். ஒரு பித்தானை அவர்களே பிய்த்துக்கொண்டு வந்து, தைத்து முடியும் வரை படத்துக்கு முன்னால் நின்றார்கள். செயலாளரும் ஒரு கால்சட்டையோடு வந்தார். வாயைப் பிளந்திருந்த தன்னையே வெகுநேரம் பார்த்துவிட்டு, வணக்கம் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு நாள் கூட்டம் குறைந்த நேரத்தில் தையல்காரரும் அந்த இடத்தில் போய் நின்று பார்த்தார். சுவரில் ஒரு படம் என்று ஏங்கியது நினைவுக்கு வந்தது. மனைவி இயந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து வந்தாள். உடையெல்லாம் நூல்பிசிறு, கையில் கத்தரிக்கோல்.

"நீங்கதான் இருபத்தாறு நாள் நின்னீங்களே," என்றாள். "நகருங்க. நான் கொஞ்ச நேரம் நின்னுக்கறேன்."