ஆளைப் பார்க்காமல் அடிக்கிற மணி

வீரம்மாவுக்குத் தெரிந்த சிங்களம் ஒரே ஒரு சொல். "ஹொந்தாய்." நல்லது என்று அர்த்தம். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத் தமிழரின் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்த பிறகு, சிங்களத்தில் யார் எதைக் கேட்டாலும் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவது தோட்டத்தில் பலருக்கும் பழக்கமாகிவிட்டது. கட்டுகஸ்தோட்டைக் கிளினிக்கில் எக்கநாயக்க டொக்டரிடமும் அவள் அதையேதான் சொல்லிவந்தாள். எப்படி இருக்கிறது என்று டொக்டர் கேட்பார். "ஹொந்தாய், மாத்தயா" என்பாள், ஐயா என்கிற மரியாதையையும் சேர்த்து. வெளியே வாங்கு நிறைய ஆட்கள் உட்கார்ந்து காத்திருக்க, டொக்டருக்கும் அந்தப் பதில் வசதியாகத்தான் இருந்தது. பிரஷருக்கு விழுங்குகிற பழைய குளிசையையே எழுதிக் கொடுப்பார். இரண்டு பேரும் ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்கவில்லை. இரத்த அழுத்தம் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அழுத்தத்தை அவள் பொருட்படுத்தியிருக்க மாட்டாள். கண்தான் விடவில்லை. இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, கொழுந்து எது முற்றல் எது என்று தெரியாமல் போயிற்று. மலையிலேயே கை வேகமான வீரம்மாவின் கூடையை நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை கிளறிப் பார்த்து, "இது கொழுந்தா, மாட்டுக்குப் போடுற தழையா? இந்த வருசத்துக்குள்ள கண்ணச் சரி பண்ணலைன்னா பேரை வெட்டிருவேன்" என்றார். வேலைப் பட்டியலில் பெயர் போனால் குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போகும். புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்தது அந்தக் காம்பராவும் கைவேகமும்தான். கண்ணை வெட்டிச் சரிசெய்யக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனால், பிரஷரைக் குறைத்துக்கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு முறை அல்ல, இரண்டு முறை.

கிளினிக்குக்குக் கம்ப்யூட்டர் வந்தது அந்தச் சமயத்தில்தான். வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த காலம். பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஆமிக்காரரிடம் அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, மறுபடி ஏறித்தான் வரவேண்டும். அன்றும் அப்படி வந்துதான் வீரம்மா டொக்டரின் முன்னால் உட்கார்ந்தாள். நர்ஸ் மிஸ் அவள் கையில் பட்டியைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். டொக்டர் கேட்டார். அவள் வழக்கம்போல ஹொந்தாய் என்றாள். டொக்டர் அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியில் எதையோ தட்டினார்.

பெட்டி "டிங்" என்றது. திரை சிவந்தது.

பாலத்தடிச் சோதனை இங்கேயும் வந்துவிட்டது என்று நினைத்தாள் வீரம்மா. சட்டைக்குள்ளிருந்து அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தாள். பையைக் கவிழ்த்தாள். வெற்றிலைச் சுருள், சீப்பு, ரொட்டிப் பொட்டலம், நனைந்தால் மாற்ற ஒரு பழைய சேலை, எல்லாவற்றையும் டொக்டர் பார்க்கும்படி பரப்பிவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

டொக்டர் அந்த ரொட்டியைப் பார்த்துவிட்டுப் பெட்டியில் எதையோ அடித்தார்; அது மறுபடியும் டிங் என்றது. பிறகு கதவைத் திறந்து, வாங்கில் இருந்த ஜவாஹிரைக் கூப்பிட்டார். ஜவாஹிர் சந்தியில் இரும்புக் கடை வைத்திருக்கும் முஸ்லிம்; தோட்டத்து ஆட்கள் அவரை அண்ணன் என்கிற பொருளில் நானா என்பார்கள். மூன்று பாஷையும் தண்ணி பட்ட பாடு. அவருக்கும் இங்கேதான் பிரஷர் வைத்தியம்.

டொக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு ஜவாஹிர் அவள் பக்கம் திரும்பினார்.

"வீரம்மா, சாமான எடுத்து வைங்க. இது உங்கள செக் பண்ற மணி இல்ல. உங்கட பிரஷர் ஏறி ஈக்குது, டொக்டர் பழைய குளிசயே எழுதினார். ஏன் மாத்தல்ல எண்டு பெட்டி அவரத்தான் கேக்குது."

"டொக்டரையா?"

"ஓ, அவரத்தான். ஆள் நல்லம் எண்டு சொன்னா எண்டு எழுதினாராம். அது சரிவராது, காரணம் சொல்லு எண்டு திருப்பியும் கேக்குதாம்."

வீரம்மா சிவந்த திரையைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள். தனக்காக யாரும் யாரையும் இதுவரை தட்டிக் கேட்டதில்லை.

"இப்ப உங்களுக்கு உண்மையில என்ன செய்யுது எண்டு கேக்கிறார்."

"உண்மையச் சொல்லலாங்களா, நானா?"

"அதுக்குத்தானே என்னக் கூப்பிட்டார்."

அவள் சொல்லத் தொடங்கினாள். மலை ஏறினால் தலை சுற்றுவது, பிடரி வலி, காலையில் முகம் வீங்குவது, கண், கணக்கப்பிள்ளை, காம்பரா. இத்தனை வருஷத்துப் பாக்கியும் அன்றைக்கே வந்தது. ஜவாஹிர் சுருக்கிச் சொல்லப் பார்த்தபோது டொக்டர் விடவில்லை, எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். கடைசியில் தாழ்ந்த குரலில் சிங்களத்தில் எதையோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"காலயில இருந்து மணி அடிச்ச ஆக்கள்ள கூடுதலான பேர் தோட்டத்து ஆக்களாம். மனுசனுக்கு வெக்கமா ஈக்குதாம்." ஜவாஹிர் தன் கதையையும் சேர்த்துக்கொண்டார். "எனக்கும்தான். எண்ட பிரஷர் உங்கடயவிடக் குறைவு. எனக்கு மூணு தரம் குளிச மாத்தித் தந்தார். எனக்குச் சிங்களமும் ஈக்குது, வாயும் ஈக்குது."

புதுக் குளிசை வந்தது. ஒன்று ஒத்துக்கொள்ளாமல் கால் வீங்கியபோது, அதையும் அவள் வாய்விட்டுச் சொன்னாள். கிளினிக்கில் புதிதாக வேலைக்கு வந்திருந்த தமிழ் மிஸ் எழுதிக்கொண்டார். அழுத்தம் படிப்படியாக இறங்கியது. கண்டியில் இந்த முறை திருப்பி அனுப்பாமல் கண்ணை வெட்டிப் புரையை எடுத்தார்கள். கண்கட்டை அவிழ்த்த மறுவாரம் மலைக்குப் போன வீரம்மா, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கூடையை நிரப்பி, கணக்கப்பிள்ளையின் மூக்குக்கு நேரே நீட்டி, "கிளறிப் பாருங்க" என்றாள். கிளறிப் பார்த்தவர் அவள் பேருக்கு நேரே எடையை எழுதிக்கொண்டார். அன்று அவள் லயத்துக்குப் போன நடை, கல்யாணப் பெண் நடை.

அடுத்த கிளினிக் நாளில் அவளுக்கு மணி அடிக்கவில்லை. டொக்டர் சிரித்தார். ஆனால் அவள் எழுந்திருக்கவில்லை. இத்தனை காலம் வெள்ளைச் சட்டையாக மட்டும் தெரிந்தவரை அன்றுதான் தெளிவான முகமாகப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே வீக்கம். கன்னம் சிவந்திருந்தது. பிடரியை அடிக்கடி தடவிக்கொண்டார்.

"மிஸ், இவருக்கு யாரு பிரஷர் பாக்குறது?"

தமிழ் மிஸ் திகைத்துப்போய் மொழிபெயர்த்தார். யாரும் பார்ப்பதில்லை என்று தெரியவந்தது. டொக்டர் கையை ஆட்டி மறுத்தார். வீரம்மா தன் கதிரையை விட்டு எழுந்து அதை அவர் பக்கம் தள்ளினாள். வாசலில் எட்டிப் பார்த்த ஜவாஹிர் சிங்களத்தில் ஏதோ சொல்ல, வாங்கு முழுவதும் சிரித்தது. வேறு வழியில்லாமல் டொக்டர் கையை நீட்டினார். மிஸ் பட்டியைச் சுற்றி, பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அவர் பெயரையே பெட்டியில் அடித்தார்.

டிங்.

ஏன் வைத்தியம் பார்க்கவில்லை என்று திரை கேட்டது; டொக்டர் எட்டிப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். "நேரமில்லையாம்" என்று மிஸ் வீரம்மாவிடம் சொல்லிவிட்டு, அதையே பெட்டியில் அடித்தார்.

டிங்.

சிரிப்பு ரோட்டு வரை கேட்டது. டொக்டரும் சிரித்துவிட்டார், கண்ணில் தண்ணீர் வர. வீரம்மா அவர் தோளை மெல்லத் தொட்டாள்.

"உக்காருங்க மாத்தயா. உங்களுக்கு என்ன செய்யுதுன்னு சொல்லுங்க, நாங்க இருக்கோம்."

மிஸ் அதைச் சிங்களத்தில் சொன்னார். டொக்டர் அந்தக் கதிரையில் உட்கார்ந்து, முதல் தடவையாகச் சொல்லத் தொடங்கினார்.