கல்யாணப் பையும் காய்ச்சலும்

2009 மழைக்காலத்தில் அனுமந்தன்பட்டிக்கு டெங்கு வந்தபோது, பழி முழுக்க ஜெயமேரியின் தலையில்தான் விழுந்தது. ஏலக்காய் எடுக்கத் தினமும் ஜீப்பில் கேரளாவுக்குப் போய் வருகிறவள் அவள். "காய்ச்சலக் கொண்டாந்ததே இவதான்" என்று தெருத்தெருவாகச் சொல்லித் திரிந்தார் ஆரோக்கியசெல்வம். ஜெயமேரி பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், நோயாளிகளிடம் ரத்தம் எடுத்துப்போயிருந்த ஆராய்ச்சிக்காரி விஜி மாதா கோயில் வாசலில் முடிவைச் சொன்னாள்.

"கொசு வழியா ஆளுக்கு ஆள் பரவுறப்ப வைரஸ் கொஞ்சங்கொஞ்சமா மாறும். அந்த மாற்றத்தப் பிடிச்சுப் பின்னாடியே போனா, எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுரும். இது கேரளாவுல பரவுன வகை இல்லங்க. சென்னையில பரவுனதோட பிள்ளை."

கூட்டம் மொத்தமும் ஆரோக்கியசெல்வத்தின் கையைப் பார்த்தது. காய்ச்சல் தொடங்குவதற்குச் சற்று முன் அவர் போய்வந்த கல்யாணத்தின் துணிப்பை அதில் தொங்கியது. மணமக்கள் பெயருக்குக் கீழே 'சென்னை' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. திரும்பி வந்ததும் பயண அலுப்பு என்று ஒரு வாரம் படுத்துக்கிடந்தவர், எழுந்ததிலிருந்து பெருமைக்காக அந்தப் பையைக் கீழே வைத்ததே இல்லை. இப்போது மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

ஜெயமேரி வயிறு வலிக்கச் சிரித்தாள்.

"மெட்ராசுலருந்து என்ன வாங்கிட்டு வந்தீகன்னு கேக்கணும்னே இருந்தேன் மாமா. ஊருக்கே பங்கு வச்சிருக்கீகளே!"