அழிக்கிறதுக்கு முன்னாடி ஆறு வரி

எழுத்துல கஞ்சத்தனம் பண்றவங்களைக் கண்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். எங்க டெவலப்பர் அந்த ரகம். ஆபீஸ்ல அவருக்குப் பேரே 'சுருக்கு'. வாடிக்கையாளரோட கணக்கை அழிக்கிற டூல் ஒண்ணு செஞ்சுட்டு, அதுக்கு விளக்கம்னு ரெண்டே வார்த்தை எழுதியிருந்தார்: 'கணக்கை அழிக்கும்.'

ஜனங்களோட போட்டோ, காகிதம், குரல் பதிவு எல்லாத்தையும் பத்திரமா வெச்சிருக்கிற கம்பெனி எங்களோடது. வாடிக்கையாளர் எது கேட்டாலும் இப்போ பதில் சொல்றது ஒரு ஏஐ ஏஜென்ட். அதுகிட்ட இருபது டூல் இருக்கு. எதை எப்போ தொடலாம், எப்போ தொடக் கூடாதுன்னு எழுதி வைக்கிறது என் வேலை. நான் எழுதினதைப் படிச்சுத்தான் அது காரியம் பண்ணும்.

"உங்க சகவாசமே வேண்டாம்னு யாராவது கோவத்துல சொன்னா, அது பாட்டுக்கு அழிச்சுட்டு வந்து நிக்குமே" என்றேன்.

"அழிக்கிற டூல் அழிக்கும். இதுல விளக்க என்ன இருக்கு?"

அவரோட மல்லுக்கட்ட நேரமில்லை. உட்கார்ந்து ஆறு வரி எழுதினேன். அழித்தால் திரும்ப வராது. வாடிக்கையாளர் தெளிவாகக் கேட்டால் மட்டும் தொடு. மெயில் தொல்லை என்றால் மெயிலை நிறுத்து, இதைத் தொடாதே. என்னென்ன போகும் என்று சொல்லிவிட்டு மறுபடி கேள். பாதியில் நின்றால் நீயாக மறுபடி ஓட்டாதே. கடைசி வரி, கணக்கை வேறு யாராவது பயன்படுத்தினால், அவருக்குத் தெரியுமா என்று கேட்காமல் அழிக்காதே.

கடைசி வரியைப் பார்த்துச் சுருக்கு சிரிச்சார். "ஒருத்தர் கணக்குல இன்னொருத்தர் எதுக்கு வந்து உட்காரப் போறார்? கதை எழுதறீங்களா?"

வெட்டவே கூடாதுன்னு ஒத்தைக் கால்ல நின்னேன். "என்னமோ பண்ணுங்க"ன்னு போயிட்டார்.

எங்க ஆபீஸ்ல ஒரு வழக்கம் உண்டு. அழிக்கிற டூலுக்கு விளக்கம் எழுதினவங்க, சோதனைக்குத் தங்களோட சொந்தக் கணக்கையே வைக்கணும். நகல் எடுத்து வெச்சுக்கக் கூடாது. எனக்கு முன்னாடி இந்த நாற்காலியில இருந்தவர் கல்யாண ஆல்பத்தையே பறிகொடுத்தார். வீட்ல ஒரு மாசம் பேச்சுவார்த்தை இல்லையாம். நான் யோசிக்கவே இல்லை. போனா என் போட்டோதானேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். திமிர்னே வெச்சுக்குங்க.

பதினொரு மணிக்குச் சோதனை. டெஸ்டர் பொண்ணுக்கு வயசு இருபத்தாறுதான், ஆனா எதுலயும் குத்தம் கண்டுபிடிக்கிறதால 'மாமியார்'னு கூப்பிடுவோம். என் கணக்குல நுழைஞ்சு, கோவக்கார வாடிக்கையாளர் மாதிரி, 'இனிமே உங்க மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்'னு அடிச்சா. ஏஜென்ட் நிதானமா, மெயில் தொல்லை என்றால் நிறுத்தட்டுமான்னு கேட்டுச்சு. 'எல்லாத்தையும் தலைமுழுகணும்'னா. கணக்கையே அழிக்கச் சொல்கிறீர்களான்னு கேட்டு, போகப்போறதையெல்லாம் வரிசையாச் சொல்லுச்சு. மாமியார் உதட்டைப் பிதுக்கினா. எனக்குக் காபி நல்லா இறங்குச்சு.

அப்போ அக்காகிட்டேர்ந்து ஃபோன். அக்கா தையல் கடை வெச்சிருக்கா.

"அந்த உயரமான டீச்சரோட கோட்டுக்குக் கை அளவு பார்க்கணும்டி. உன்னுதுல போட்டோ திறக்காம சுத்திக்கிட்டே நிக்குது."

"என்னோட எதுல?"

"உன் கணக்குலதான். கடை திறந்த அன்னிக்கு நீதானே என் ஃபோன்ல போட்டுக் கொடுத்தே? பதினோரு வருஷமா அங்கதானே வெச்சிருக்கேன்."

சுத்தமா மறந்திருந்தேன். அளவு நோட்டையெல்லாம் போட்டோ எடுத்துட்டுப் பழைய பேப்பருக்குப் போடுன்னு சொன்னதும் நான்தான். எத்தனையோ நூறு பேரோட தோளும் கையும் இடுப்பும் இப்போ அங்க மட்டும்தான் இருக்கு. அக்கா பொழைப்பே அது.

"நிறுத்து"ன்னு திரும்பினேன். மாமியார் அதுக்குள்ள 'ஆமாம், அழி. யோசிச்சுத்தான் சொல்றேன்'னு அடிச்சு அனுப்பிட்டா. அஞ்சு வரியையும் தாண்டியாச்சு. திரையில மூணு புள்ளி ஓடிக்கிட்டே இருந்துச்சு.

பதில் வந்துச்சு.

'அழிப்பதற்கு முன் ஒரு கேள்வி. இதில் "அக்கா கடை" என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. இரண்டு நிமிடத்துக்கு முன் வேறொரு ஃபோனிலிருந்து யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள். அவருக்குத் தெரியுமா?'

மாமியார் கீபோர்டுலேர்ந்து கையை எடுத்துட்டு என்னைப் பார்த்தா. "தெரியுமா?"

தலையை ஆட்டினேன், தெரியாதுன்னு. அதையே அடிச்சா. 'அப்படியானால் அழிக்கவில்லை'ன்னு வந்துச்சு.

பின்னாடி சுருக்கு நின்னுக்கிட்டிருந்தார். திரையை ரெண்டு தடவை படிச்சார். வழக்கமா இருந்தா நாலு வார்த்தை குத்தலாச் சொல்லியிருப்பேன். அன்னிக்குத் தோணலை. நாற்காலியை இழுத்து என் பக்கம் தள்ளினார், உட்கார்ந்தேன்.

"லைன்ல இருக்கியாடி? டீச்சர் வந்து நிக்கிறாங்க."

"இருக்கேன்கா." ஃபோல்டரை நானே திறந்தேன். அக்கா கையெழுத்து, கோணல்மாணலா, அப்படியே இருந்துச்சு. "எழுதிக்கோ. கை இருபத்திநாலரை."