தொட்டிலில் சப்பைமூக்கி

வேலை முடிந்து வந்த கற்பகவல்லி விளக்கைப் போட்டதும் கண்ணாடி பீரோவின் இரண்டாம் தட்டில் ஓர் இடம் காலியாக இருந்தது. அறுபத்துமூன்று பொம்மைகளில் எது இல்லையென்று அவள் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சப்பைமூக்கியைக் காணோம்.

சப்பைமூக்கி பழைய காலத்துப் பொம்மை. படுக்க வைத்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். யார் வீட்டுப் பிள்ளையோ கொஞ்சிக் கொஞ்சி அதன் மூக்கைத் தேய்த்து வைத்திருந்தது. புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது வெளியே வந்து, இரண்டு மூன்று கை மாறி, கடைசியில் கூரியரில் திருத்தங்கலுக்கு வந்து சேர்ந்தது. வந்த அன்று அதன் தலைமுடி ஒரே சிக்கு. கற்பகவல்லி ஒரு வாரம் உட்கார்ந்து ஷாம்பு போட்டு அலசி, இழை இழையாகச் சிக்கெடுத்து, இரட்டைப் பின்னல் போட்டுவிட்டாள். பச்சைச் சாட்டின் துணியில் பாவாடை தைத்தாள். பீரோவில் இருக்கும் எல்லாரையும் அவளுக்குப் பிடிக்கும், ஆனால் வீட்டுக்குள் நுழைந்ததும் கண் போவது சப்பைமூக்கியிடம்தான்.

வீட்டுச் சாவி இன்னொன்று பொன்மணியிடம் இருந்தது. பொன்மணி அவள் கணவன் ஜெயபாண்டியின் அக்காள், அடுத்த தெருவில் இருப்பவள். ஆடிப் பதினெட்டுக்குப் புது வருஷக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் வந்துவிட்டால் கற்பகவல்லி வேலை பார்க்கும் அச்சகத்தில் ஆர்டர் குவியும். பைண்டிங்கில் இருப்பவர்களுக்கு வெள்ளிக்கிழமையும் கிடையாது, பண்டிகையும் கிடையாது. அந்த நாட்களில் தண்ணீர் பிடித்து வைப்பதும் சிலிண்டர் வந்தால் வாங்கி வைப்பதும் பொன்மணிதான். கற்பகவல்லி போனை எடுத்தாள்.

"மதினி, பீரோவுலருந்து ஒரு பொம்மைய எடுத்தீகளா?"

"எடுத்தேன் கற்பகம்." குரலில் ஒளிவு மறைவு இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. "இன்னைக்கு ஆடிக் கடைசி வெள்ளில்ல, இருக்கன்குடிக் கோயிலுக்குப் போனேன். உம் பேரச் சொல்லித் தொட்டில் கட்டிட்டு வந்தேன். கடையில விக்கிற மரப்பொம்மைய வைக்கலாம்னுதான் பாத்தேன். நீ ஆசையா வச்சிருக்கதக் கட்டுனா ஆத்தா சீக்கிரம் எரங்குவான்னு மனசுல பட்டுச்சு. உன் ஏக்கத்தக் கொண்டுபோயி அவ மடியிலயே போட்டுட்டேன்."

"எனக்கு ஏக்கம்னு யாரு மதினி சொன்னா?"

"ஊரே சொல்லுது. தனியா வேற சொல்லணுமாக்கும்?"

ஊர் சொல்லத்தான் செய்தது. கற்பகவல்லிக்கு நாற்பத்தொரு வயது, கல்யாணமாகிப் பதினேழு வருஷம், பிள்ளை இல்லை. வீட்டில் பீரோ நிறையப் பொம்மை. இந்த மூன்றையும் ஊரார் ஒரே நூலில் கோத்துவிட்டார்கள். இரக்கப்பட்டவர்கள் ஏக்கம் என்றார்கள். இரக்கம் குறைந்தவர்கள் கோட்டி, பைத்தியம் என்றார்கள். எதிர்வீட்டுக்காரி, ஏதோ வேண்டுதல் இருக்கிறது, வெளியே சொல்லமாட்டாள் என்றாள். அவளுடைய மாமியார் இன்னும் ஒரு படி மேலே போய், பொம்மைக்குள் என்னத்தையோ வைத்திருக்கிறாள் என்று சொல்லித் தன் பேரப்பிள்ளைகளை அந்த வாசலில் மிதிக்க விடுவதில்லை.

முதல் பொம்மையை அவள் வாங்கியது பத்தொன்பது வயதில், முதல் மாதச் சம்பளத்தில். ஜெயபாண்டி என்று ஒருவன் இருப்பதே அப்போது அவளுக்குத் தெரியாது. இந்தக் கணக்கை மட்டும் ஊர் போட்டுப் பார்க்கவில்லை. எட்டு வயதிலேயே தீப்பெட்டி ஒட்டப் போன பிள்ளை, கையில் பொம்மை பிடித்து வளராதவள், அதனால்தான் என்று அச்சகத்தில் படித்த ஒருத்தி விளக்கம் சொன்னாள். அதுவும் இல்லை. அவளோடு தீப்பெட்டி ஒட்டிய இருபது பிள்ளைகளில் யாரும் பொம்மை வாங்கி அடுக்கவில்லை. அவளுக்குப் பொம்மை பிடிக்கும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் நாற்பத்தைந்து வயது ஆண்கள் தொப்பையைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்குள் கிரிக்கெட் ஆடப் போகிறார்கள். உனக்கு என்ன குறை, எதற்காக மட்டையைத் தூக்குகிறாய் என்று அவர்களை நிறுத்தி வைத்து எவரும் கேட்பதில்லை.

அவளைப் போல நாற்பது பேர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் இருந்தார்கள். எல்லாரும் வளர்ந்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். அந்தக் குழுவில் பொம்மையைப் பற்றிப் பேசியதைவிட, இதை வெளியே என்னவென்று சொல்வது என்று பேசியதுதான் அதிகம். சேகரிப்பு என்று சொல்லுங்கள் என்றார் ஒருவர். கலெக்‌ஷன் என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும் என்றார் இன்னொருவர். தூத்துக்குடி வாத்தியாரம்மா பள்ளிக்கூடத்துக்கு என்று சொல்லிச் சமாளித்துவந்தாள். கோயம்புத்தூரில் வங்கி அதிகாரியாக இருக்கும் ஞானசுந்தரி தன் பொம்மைகளைக் கணவர் கண்ணில் படாமல் அலுவலக அலமாரியில் பூட்டி வைத்திருந்தாள். 'என்ன வேணும்னாலும் சொல்லிக்கோங்க. விளையாடுறேன்னு மட்டும் சொல்லிறாதீங்க. அந்த ஒரு வார்த்தை போதும், நம்மளை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருவாங்க' என்று அவள் எழுதியதற்கு முப்பது பேர் கைகூப்பும் எமோஜி போட்டிருந்தார்கள்.

கற்பகவல்லியும் கைகூப்பினாள். அச்சகத்தில் கேட்டால் கலெக்‌ஷன் என்றாள். சொல்லும்போதெல்லாம் அவளுக்கே கூச்சமாக இருந்தது. சேகரிக்கிறவர்கள் பொருளைப் பெட்டியோடு வைத்துத் தூசி தட்டுவார்கள். அவள் தலை பின்னிவிட்டாள், சட்டை மாற்றினாள், இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைத்துச் சண்டை மூட்டிவிட்டு இரண்டு பேருக்கும் அவளே பேசினாள். அதற்கு உலகத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. அது அவளுக்கு நன்றாகவே தெரியும், வாயில்தான் வரவில்லை.

பட்டாசு லோடு ஏற்றிக்கொண்டு நாக்பூர் போயிருந்த ஜெயபாண்டிக்குப் போன் போட்டாள். அவன் நல்லவன். பொம்மைக்கு மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமல் இருக்க பீரோவுக்கு ரப்பர் பட்டை ஒட்டிக் கொடுத்தவன். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்களிடம், 'அக்கா பிள்ளைகளுக்கு வாங்கி வச்சது' என்பான். அக்காள் பிள்ளைகள் இரண்டும் இப்போது கல்லூரியில் படிக்கின்றன.

"சாமிக்குக் கட்டுனத அவுக்க விடமாட்டாக கற்பகம். விட்டுரு. வேற ஒண்ணு வாங்கிக்கிடுவோம்."

"வேற சப்பைமூக்கி எங்கன இருக்கு?"

லாரிகளின் இரைச்சலுக்கு மேலே ஜெயபாண்டி குரலை உயர்த்தினான். "சரி, போறதுன்னா போ. ஆனா அங்கன போயி நாலு பேரு முன்னால வியாக்கியானம் பேசிக்கிட்டு நிக்காத. பிள்ளையோடதுன்னு சொல்லிரு. பிள்ளை அழுகுதுன்னா ஒருத்தரும் மறுக்கமாட்டாக."

மறுநாள் சனிக்கிழமை அரை நாள் விடுப்புக் கேட்டு வாங்கிக்கொண்டு, பொன்மணியையும் கூட்டிக்கொண்டு சாத்தூர் போய், அங்கிருந்து இருக்கன்குடிக்குப் பஸ் ஏறினாள். வருவதற்குப் பொன்மணிக்கு இஷ்டமே இல்லை. கோயில் மரத்தில் எந்தக் கொப்பில் கட்டினாள் என்று அவளுக்குத்தான் தெரியும் என்பதால் வந்தாள். வழியெல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தாள்.

மரத்தில் இலையைவிடத் தொட்டில் அதிகமாக இருந்தது. மஞ்சள் துணித் தொட்டில்கள், மரத்தொட்டில்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன மரப்பிள்ளை. தாழ்ந்த கொப்பு ஒன்றில், மற்றவற்றைவிட நாலு மடங்கு பெரிதாகப் புடைத்துத் தொங்கிய ஒரு தொட்டிலைப் பொன்மணி காட்டினாள். உள்ளே சப்பைமூக்கி கண்ணை மூடிக் கிடந்தது. நெற்றி நிறையக் குங்குமம், கன்னத்தில் மஞ்சள், ஒரு பின்னல் அவிழ்ந்து முகத்தில் விழுந்திருந்தது. கற்பகவல்லி அந்த முடியை ஒதுக்கிவிட்டாள். அது யாரோ செய்த தப்புக்குத் தண்டனை வாங்கிக்கொண்டு கிடப்பதாகத் தோன்றியது. முடிச்சில் கை வைத்தாள்.

"ஏத்தா, என்ன செய்யுதீக?"

மரத்தடியில் தொட்டிலும் மஞ்சள் கயிறும் விற்கும் இருளம்மாள் எழுந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அறுபது வயதுக்காரி, பிடி இரும்பாக இருந்தது. "ஆத்தாளுக்குக் கட்டுனதுல கைய வைக்கீக. குடும்பம் வெளங்குமா?"

"இது என் பொம்மைம்மா. தெரியாம கட்டிட்டாக. எடுக்க வந்திருக்கேன்."

இதற்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். முடிகொடுத்த தலைகள், அக்கினிச்சட்டி எடுத்த சேலைகள், கையில் மாவிளக்குத் தட்டோடு ஒருத்தி. அந்த மாவிளக்குக்காரி கற்பகவல்லியின் முகத்தைப் பார்த்து இரங்கிவிட்டாள். "பிள்ளையோட பொம்மையாக்கா? வீட்டுல கேட்டு அழுகுதோ?" என்று அவளே கேட்டு, இருளம்மாள் பக்கம் திரும்பினாள். "பச்சப்பிள்ளை அழுகைன்னா ஆத்தா ஒண்ணும் சொல்லமாட்டா, குடுத்துருங்க."

இருளம்மாளின் பிடி தளர்ந்தது. "பிள்ளையோடதா? அத மொதல்ல சொல்லக்கூடாதா?"

தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம். பொன்மணி பின்னாலிருந்து அவள் முதுகில் விரலால் குத்தினாள். ஆட்டிவிட்டால் அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போய்விடலாம். கற்பகவல்லி தொட்டிலுக்குள் பார்த்தாள். பதினேழு வருஷமாக இல்லாத பிள்ளையை, ஒரு பொம்மையை மீட்பதற்காக இந்த மரத்தடியில் நின்று பெற்றுக்கொள்ள வேண்டுமா? அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா, என்ன வயது, எந்தப் பள்ளிக்கூடம் என்று இவர்கள் கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அவளுக்குக் கோபம் வந்தது, அதுவும் சாதாரணக் கோபம் இல்லை.

"எனக்குப் பிள்ளை கிடையாது. இது என் பொம்மை. நான் வெளாடுறது."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு நின்ற ஒருவர் காதில் சரியாக விழாதவர் போல முன்னால் வந்தார். "யாரு வெளாடுறது?"

"நாந்தான்."

"உங்களுக்கு வயசு எம்புட்டு?"

"நாப்பத்தொண்ணு. தலை பின்னி விடுவேன். பாவாடை தச்சுப் போடுவேன். பேசுவேன், பேச வைப்பேன். வேலைக்குப் போறேன், வீட்டப் பாக்கேன், மிச்ச நேரத்துல வெளாடுறேன். இதுல உங்களுக்கு என்ன நட்டம்?"

மாவிளக்குக்காரி ஓரடி பின்னால் போனாள். இரக்கப்பட்ட முகம் பயந்த முகமாக மாறியதைக் கற்பகவல்லி பார்த்தாள். வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப விழுங்க மனம் வரவில்லை. இவ்வளவு நாள் அதை அடைத்துக்கொண்டு மூச்சு விட்டதே பெரிய விஷயம் என்றிருந்தது.

இருளம்மாள் மட்டும் சிரிக்கவுமில்லை, பயப்படவுமில்லை. "நீங்க வெளாடுங்க, வெளாடாமப் போங்க. நேந்து கட்டியாச்சு. இனி அது ஆத்தா பொருளு."

"யாரு நேந்தா? நான் நேரல. எங்கிட்டக் கேக்கவும் இல்ல. எனக்குத் தெரியாம எம் பீரோவத் தொறந்து எடுத்துட்டு வந்தது. உங்க கொடியில காயிற சேலைய ஒருத்தி உருவிக்கிட்டு வந்து ஆத்தாளுக்குச் சாத்துனா, அது ஆத்தா சேலை ஆயிருமா?"

இருளம்மாள் யோசித்தாள். "எடுத்தது யாரு?"

பொன்மணி வாயைத் திறக்காமல் நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. கற்பகவல்லியும் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் பொன்மணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்தாள். "நாந்தான் எடுத்தேன். எந் தம்பி பொண்டாட்டி இவ. கேட்டா தரமாட்டான்னு தெரிஞ்சு கேக்காமத்தான் எடுத்தேன்."

"அப்ப இது காணிக்கை இல்லல்ல." இருளம்மாள் கற்பகவல்லியின் கையை விட்டாள். "களவாண்டத வாங்குறதுக்கு ஆத்தா என்ன அம்புட்டு இல்லாதவளா? தூக்கிட்டுப் போங்க." மொட்டைத் தலைக்காரர் ஏதோ முனகினார். "நீரு போயிக் கும்பிடும்யா" என்று அவரையும் அனுப்பிவைத்தாள்.

கற்பகவல்லி சப்பைமூக்கியைத் தூக்கினாள். நிமிர்ந்ததும் அது கண்ணைத் திறந்தது. முந்தானையால் அதன் கன்னத்து மஞ்சளைத் துடைத்தாள், குங்குமத்தை விட்டுவிட்டாள்.

பஸ் நிலையத்துக்குப் பொன்மணி முன்னால் நடந்தாள். வந்ததும் கையிலிருந்த துணிப்பையை விரித்து நீட்டினாள். "இதுக்குள்ள வையி. எல்லாரும் பாக்காக." கற்பகவல்லி பையை வாங்கி மடித்துத் திரும்பக் கொடுத்தாள். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சப்பைமூக்கியை மடியில் வைத்து, அவிழ்ந்த பின்னலைப் போட ஆரம்பித்தாள். முன் இருக்கைக்காரி திரும்பி, "யாருக்குக்கா வாங்குனீக?" என்றாள். "எனக்குத்தான்" என்றாள் கற்பகவல்லி. முன் இருக்கைக்காரி சட்டென்று திரும்பிக்கொண்டாள்.

பஸ் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் பொன்மணி அவள் காதருகே குனிந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டாளா கற்பகம்?"

கற்பகவல்லி பல்லில் கடித்திருந்த ரிப்பனை எடுத்துப் பின்னலின் நுனியில் இறுக்கிக் கட்டினாள்.

"கோவிச்சா கூப்பிட்டுக் கேக்கட்டும் மதினி. அவகிட்டயும் வெளாடுறேன்னுதான் சொல்லுவேன்."