ஏழாம் நம்பரின் வடம்

மிஷின் மெதுவாகிவிட்டது என்று மாஸ்டரிடம் சொன்னது நான்தான். வாரத் தேர்வில் என் வேகம் குறைந்திருந்தது. ஏன் என்று கேட்டார். என் விரலா, மிஷினா என்று எனக்கே நிச்சயமில்லை. ஆனால் வாய் முந்திக்கொண்டது.

"ஏழாம் நம்பர் ரொம்ப மெதுவா போறது மாஸ்டர். எழுத்து மேல எழுத்து ஏறிடறது."

"எப்படிம்மா ஏறாம இருக்கும்?" என்றார் தணிகாசலம் மாஸ்டர். எங்கள் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் அவருடையது. ஒரு பட்டுச்சேலைக் கடையின் மாடியில் இருந்தது. "நான் டீ குடிக்கக் கீழ எறங்கினா போதும், இங்க தேர் ஓட்டிக்கினு இருக்கறாங்களே. மிஷின் வேலைக்கு வாங்கினதா, வெளையாட்டுக்கு வாங்கினதா?"

அவர் பார்வை வடிவின் மேல் நின்றது. ஏழாம் நம்பரில் சாயங்காலம் ஆறு மணி வகுப்பு எனக்கு, அதற்கு அடுத்தது வடிவுக்கு. இடையில் மிஷின் சும்மா இருக்கும் சிறு பொழுதில்தான் தேர் ஆட்டம் நடக்கும். அதைக் கண்டுபிடித்தவளும் வடிவுதான்.

ஆட்டம் சுலபம். டைப்ரைட்டரில் காகிதத்தைத் தாங்கி இடம்பெயரும் கேரேஜ்தான் தேர். அதை இழுக்கும் கயிறு ஒன்று மிஷினுக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கு வடம் என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒருத்தர் வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டே போவார். மற்றவர் விசைகளைப் பார்க்காமல் அடிக்க வேண்டும். வரி முடிந்து மணி அடித்தால் தேர் நிலைக்கு வந்துவிட்டது. நடுவில் ஓர் எழுத்து தப்பினால் சுற்றியிருப்பவர்கள் "திருப்பு!" என்று கத்துவார்கள். கேரேஜைப் புறப்பட்ட இடத்துக்கே தள்ளிவிட வேண்டும். அந்த 'படார்' சத்தம் கீழே கடையில் சேலை பார்க்கும் பெண்களுக்குக்கூடக் கேட்கும்.

"சனிக்கிழமைக்குள்ள தெரியணும்" என்றார் மாஸ்டர். "ஆட்டத்தாலதான் மிஷின் கெட்டுதுன்னா, வடிவு நீ வேற எடம் பாத்துக்கோ. நம்ம மங்கைதான் எதையும் ஒழுங்கா பாக்கிற பொண்ணு. அதுவே பாத்துச் சொல்லட்டும்."

அந்த மங்கை நான்தான். அரசாங்கத் தேர்வு நெருங்கிவிட்டது. இந்த நேரத்தில் வடிவை வெளியேற்றினால் வேறு எந்த இன்ஸ்டிட்யூட்டும் அவளைத் தேர்வுக்கு அனுப்பாது. பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தில் டைப்பிஸ்ட் இடம் ஒன்று காலியாக இருந்தது. லோயர் கிரேடு தேர்வில் தேறினால் எடுத்துக்கொள்வதாக அவளிடம் சொல்லியிருந்தார்கள். அந்த வேலையில் சேர்ந்துவிட்டதுபோலவே அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

படியிறங்கும்போது வடிவு என் பின்னலைப் பிடித்து இழுத்தாள். "ஏன்டி ஐயங்கார் பொண்ணே, உன் வெரலு தூங்கிச்சுன்னா என் தலையில கல்லப் போடுவியா?"

"என் விரலாவும் இருக்கலாம்டி. அதைத்தான் பாக்கணும்."

"பாரு, பாரு. நல்லா பாரு. எனக்கு வேல போனா உங்க வூட்டு வாசல்ல வந்து ஒக்காந்துக்குவேன்."

நான் முறையாகப் பார்க்க முடிவு செய்தேன். ஆட்டம் ஆடிய நாளிலும் ஆடாத நாளிலும் அதே பாடத்தை அதே மிஷினில் அடித்தால் வித்தியாசம் தெரிந்துவிடும் என்பது என் கணக்கு. அப்போது அது மிகத் தெளிவாகத் தோன்றியது.

திங்கட்கிழமை ஆட்டம் இல்லை. மாஸ்டர் பேச்சுக்குப் பயந்து யாரும் ஏழாம் நம்பர் பக்கமே போகவில்லை. அடித்துப் பார்த்தேன். கேரேஜ் சோம்பலாக நகர்ந்தது. எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. அப்படியானால் ஆட்டம் காரணமில்லை என்று மனம் லேசானது. உடனே ஒரு சந்தேகம். பழைய ஆட்டங்களின் கெடுதல் இன்னும் மிஷினுக்குள்ளேயே தங்கியிருக்கலாமே?

செவ்வாய்க்கிழமை மாஸ்டர் டீக்குப் போனதும் வடிவை நானே கெஞ்சி ஆடச் சொன்னேன். எங்களோடு படிக்கும் சிட்டிபாபு வார்த்தை சொன்னான். அவன் வீட்டில் ஜரிகை வியாபாரம். எதிலும் ஒரு கேலி சேர்க்காமல் அவனால் பேச முடியாது.

"ஆடுனா வெளிய போ, ஆடாட்டி மங்கைக்கு ஆராய்ச்சி கெட்டுடும். பாவம்பா வடிவு, ரெண்டு பக்கமும் இடி" என்றான்.

'படார் படார்' என்று ஆடி முடித்தார்கள். பிறகு நான் உட்கார்ந்து அடித்தேன். மிஷின் பறந்தது. ஓர் எழுத்துகூட ஏறவில்லை. ஆடினால் வேகம் கூடுகிறதா என்ன? ஆட்டத்தில் உதறி உதறித் தூசி உதிர்ந்துபோயிருக்குமோ? எனக்கு ஒன்றும் புரியவில்லை.

புதன்கிழமை மறுபடி ஆடச் சொன்னேன். ஆடினார்கள். மிஷின் நத்தையாக ஊர்ந்தது.

நேற்று ஆடியதும் பறந்தது, இன்று ஆடியதும் ஊர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் மாறியது நான் மட்டும்தானோ? விரலைச் சோதிக்க மூன்றாம் நம்பர் மிஷினில் உட்கார்ந்து அடித்தேன். அதிலும் மெதுவாகவே வந்தது. ஆனால் சிட்டிபாபு தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். யாராவது பார்த்தால் என் கை எப்போதுமே தடுமாறும். அந்தச் சோதனையையும் தள்ளிவிட வேண்டியதாயிற்று.

வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து நல்ல மழை. வடிவு வரவில்லை. ஆட்டமும் இல்லை. குடையை மூலையில் வைத்துவிட்டு ஏழாம் நம்பரில் உட்கார்ந்தேன். நாலைந்து எழுத்து அடிப்பதற்குள் கேரேஜ் நின்றே போனது. கையால் தள்ளிவிட்டால் கொஞ்சம் போகும், பிறகு நிற்கும். இதுவரை இவ்வளவு மோசமாக ஆனதில்லை. எழுந்து மிஷினுக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன்.

மற்ற மிஷின்களில் அந்தக் கயிறு எண்ணெய்ப் பிசுக்கேறிக் கறுப்பாக இருந்தது. ஏழாம் நம்பரில் அரக்கு நிறத்தில் மின்னியது. தொட்டுப் பார்த்தேன். பல இழைகளைச் சேர்த்து முறுக்கிய பட்டு. வழவழவென்று, குளிர்ந்து, தொய்ந்துபோய்க் கிடந்தது. மிஷினுக்கு எதிரில் ஜன்னல் திறந்திருந்தது. சாரல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமையும் மழை பெய்தது. செவ்வாய்க்கிழமை சுள்ளென்று வெயில். புதன்கிழமை சாயங்காலம் தூறல்.

வடிவு வீட்டில் பட்டுத் தறி இருப்பது எனக்குத் தெரியும். மறுநாள் வகுப்புக்கு முன்பே அவளைப் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டேன்.

அவள் மறைக்கவில்லை. "ஆமாம்டி, நான்தான் கட்டினேன். போன மாசம் ஆடிக்கினு இருக்கும்போது டப்புனு அறுந்துடுச்சு. மாஸ்டர் பாத்தா தொலைச்சுடுவாரு. மறுநாளு வூட்லயிருந்து தறியில பாவுநூலுல மீந்த பட்ட எடுத்தாந்து, நைனா கட்டற முடிச்சையே போட்டேன். யானைய கட்டினாலும் அறாது, தெரியுமா?"

"அறலைடி. ஈரத்துல நெகிழ்றது. மழை வந்தா கேரேஜை இழுக்கவே மாட்டேங்கறது."

வடிவு வாயில் கை வைத்துக்கொண்டாள். "ஐயோ! மழ பேஞ்சா எங்க வூட்ல பாவே தொய்யும். நைனா தறிய நிறுத்திட்டு ஒக்காந்துடுவாரு. அது எனக்குத் தெரியும்டி. டைப்ரைட்டருக்கும் அப்படி ஆவும்னு தோணவே இல்லையே!"

பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். "சொல்லப் போறியா?"

"கேட்டா சொல்லணுமே."

"சொல்லு. பொய் சொல்லச் சொல்லல. ஆனா எத சொல்லுவே? ஆட்டத்தால கெட்டுதுன்னு சொல்லுவியா, மழையால கெட்டுதுன்னு சொல்லுவியா?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. இரவு படுத்தபோதும் அதே கேள்வி. ஆட்டத்தில்தான் கயிறு அறுந்தது. ஆனால் ஆட்டம் மிஷினை மெதுவாக்கவில்லை, பட்டுதான் மெதுவாக்கியது. ஆட்டம் இல்லாவிட்டால் பட்டு வந்திருக்காது. அந்தப் பழைய கயிறு பாடம் அடிக்கும்போதே அறுந்திருக்கவும் கூடும். ஒவ்வொன்றும் சரியாகத் தோன்றியது. சேர்த்துப் பார்த்தால் எதுவும் நிற்கவில்லை.

சனிக்கிழமை மாஸ்டர் எல்லாரையும் மிஷினை விட்டுக் கையெடுக்கச் சொன்னார்.

"சொல்லும்மா மங்கை. ஆட்டத்தால மெதுவாச்சா, இல்லையா? ஒரே வார்த்தை."

ஒரே வார்த்தையில் என்னால் முடியவில்லை. பட்டைக் காட்டினேன். மழையைச் சொன்னேன். அவர் மிஷினுக்குப் பின்னால் குனிந்து அந்த முடிச்சை இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

"யாரு கட்டினது?"

"நான்தான் மாஸ்டர்" என்று வடிவு எழுந்து நின்றாள். "அறுந்ததும் சொல்லியிருக்கணும். சொன்னா தொரத்திடுவீங்கன்னு பயந்துட்டேன்."

"இப்ப மட்டும் வுட்டுடுவேனா?"

"மிஷினுக்கே பட்டு கட்டிட்டா மாஸ்டர். கல்யாணத்துக்கு நாள் பாத்துட வேண்டியதுதான்" என்றான் சிட்டிபாபு.

"நீ வாய மூடுபா." மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "அப்ப ஆட்டத்தாலதான் கெட்டுச்சு. அப்படித்தானே?"

"அது எனக்குத் தெரியலை மாஸ்டர்" என்றேன். "நான் பார்த்ததெல்லாம் பட்டு கட்டினப்புறம். அதுல தெரிஞ்சது மழையோட கெடுதல். ஆட்டத்தோட கெடுதல் என்னன்னு நான் இன்னும் பார்க்கவே இல்லை. சரியான கயிறு போட்டு, அதுல ஆடிப் பார்த்தாத்தான் சொல்ல முடியும். ஆடாத மிஷின் ஒண்ணும் பக்கத்துல வேணும், ஒப்பிட்டுப் பார்க்க."

"ஆடிப் பாக்கறதா?"

"ஆமாம் மாஸ்டர். ஆட்டம் வடிவுக்குத்தான் சரியாத் தெரியும். அவ இல்லாம இதைச் செய்ய முடியாது."

"எத்தினி நாளைக்கும்மா ஆடிப் பாக்கறது?"

"கயிறு அறுந்து போறவரைக்கும் மாஸ்டர். பழைய கயிறு எத்தனை வருஷம் வந்தது?"

முதலில் சிட்டிபாபுதான் சிரித்தான். பிறகு ஜன்னல் ஓரத்து வரிசை முழுவதும் சிரித்தது. மாஸ்டர் துண்டால் வாயைத் துடைப்பதுபோல மூடிக்கொண்டார். தோள்கள் மட்டும் குலுங்கின.

"நான் மிஷின் வாங்கின நாள்லேருந்து அந்தப் பழைய கயிறுதாம்மா இருந்துச்சு" என்றார் கடைசியில். "சரி. திங்கக்கெழம கயிறு வாங்கியாந்து போடறேன். வடிவு, தேர்வு முடியறவரைக்கும் நீ இங்கதான் அடிச்சாவணும். மிஷின்ல எது அறுந்தாலும் மொதல்ல எங்கிட்ட வந்து சொல்லணும். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது மாஸ்டர்."

அவர் டீ குடிக்கப் படியிறங்கினார். வடிவு என் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

"எங்கிருந்துடி கத்துக்கினே? அவர அப்படியே மாட்டிவுட்டுட்டியே!"

நான் யாரையும் மாட்டிவிடவில்லை. எதற்குச் சிரித்தார்கள் என்பதும் எனக்குப் புரியவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஆடாத மிஷின் எது என்று மாஸ்டர் சொல்லவே இல்லை. மூன்றாம் நம்பரை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்க, அவர் பின்னாலேயே படியிறங்கி ஓடினேன்.