மூன்று பேர் குழுவில் ஒரு சிரிப்பு

1

இந்தக் கதை ஒரு கேள்வித்தாளில் பிறந்தது. மாலை நேர ஆங்கில வகுப்பில் டீச்சர் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ‘குழுவாகச் சேர்ந்து படிப்பது பிடிக்கிறதா? காரணம் எழுதவும். பெயர் வேண்டாம்.’ கீழே நான்கு கோடுகள். ‘பிடிக்கும்’ என்று எழுதினேன். காரணம் நான்கு கோடுகளில் அடங்கவில்லை. தாளை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

2

முதலில் எழுதிய ஆரம்பம்: ‘மொழி என்பது மனிதர்களை இணைக்கும் பாலம். அந்தப் பாலத்தின் மேல் மூன்று...’

வேண்டாம். பாலமெல்லாம் இல்லை. இரண்டாம் மாடியில் ஓர் அறை, எழுதுபலகை வைத்த நாற்காலிகள், மூன்று பேர். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்க்கும் லாண்டரி அக்கா. எங்களில் மூத்தவரான லிஃப்ட் மெக்கானிக் அண்ணன். அவருக்குச் சும்மா இருக்கும்போதும் சிரிப்பதுபோலவே தெரியும் முகம். மூக்குக்கண்ணாடிக் கடையில் ஃபிரேம் எடுத்துக் காட்டும் நான்.

அக்காவுக்குக் குழு ஆகாது. “தனியா தப்பு பண்ணா எனக்கு மட்டும்தான் தெரியும். இங்க பண்ணா ஊருக்கே தெரியும்.”

அண்ணன் சொன்னார்: “லிஃப்ட்ல மாட்டிக்கிட்டாக்கூட, தனியா மாட்டுறதவிட நாலு பேரோட மாட்டுறது தேவலம்மா.”

3

அன்றைக்குத் தொலைபேசிப் பயிற்சி. முகம் தெரியக் கூடாது என்பதற்காக, பதில் சொல்பவரை மட்டும் முதுகுகாட்டி உட்கார வைத்தார் டீச்சர். அக்கா சுவரைப் பார்த்து. அண்ணனும் நானும் அவருக்குப் பின்னால்.

யார் பேசுவது என்று அண்ணன் ஆங்கிலத்தில் கேட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறேன் என்று அக்கா சொல்லியிருக்க வேண்டும்.

“ஐ ஆம் ஹாஸ்பிடல்” என்றார் அக்கா. அதாவது, நானே ஆஸ்பத்திரி.

ஒரு சிரிப்பு கேட்டது.

அக்கா திரும்பினார். எதிரே அண்ணனின் முகம், வழக்கம்போல. “அண்ணே, காலையிலேர்ந்து நானூறு பெட்ஷீட் துவைச்சுப் போட்டுட்டு நேரா இங்க வரேன். சிரிக்கிறதுக்கு வேற ஆளப் பாருங்க.”

“தப்புதாம்மா” என்றார் அண்ணன்.

அக்கா பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

4

[இந்த இடத்தை மூன்று தடவை எழுதினேன். முதல் வரைவில் அண்ணன் சிரிக்கிறார். இரண்டாவதில் பக்கத்துக் குழுவில் யாரோ சிரிக்கிறார்கள். ‘ஒரு சிரிப்பு கேட்டது’ மூன்றாவது வரைவு. சிரித்தது நான்.]

அண்ணனுக்குத் தெரியும். படியிறங்கும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: “தம்பி, உனக்கு சாரின்னு சொல்ல வரும்ல? முதல் பாடத்துலயே இருக்கே.”

வரும் என்றேன். சொல்ல ஆள் வேண்டுமே. அடுத்த இரண்டு வகுப்புக்கும் அக்கா வரவில்லை. அண்ணனும் நானும் காலியான நாற்காலியைச் சுற்றிக் குழுவாக உட்கார்ந்திருந்தோம்.

5

மூன்றாவது வகுப்புக்கு, செவ்வாய்க்கிழமை, அக்கா வந்தார். சலவைப் பிரிவில் சூப்பர்வைசர் பதவி காலியாகியிருந்தது. வியாழக்கிழமை நேர்முகத் தேர்வு, ஆங்கிலத்தில்.

“யாரும் திரும்ப வேணாம். என் மூஞ்சியப் பாத்தே கேளுங்க. சிரிக்கணும்னா இன்னிக்கே சிரிச்சுடுங்க. அண்ணே, நீங்களும்தான்.”

“இன்னிக்கு நான் சிரிக்கலம்மா” என்றார் அண்ணன், சிரிப்பதுபோன்ற முகத்துடன்.

நான் ‘சாரி’ என்று வாயெடுத்தேன். டீச்சர் வந்துவிட்டார். [அவர் வராவிட்டால் சொல்லியிருப்பேனா? அதையும் எழுதிப் பார்த்தேன். நம்பும்படி வரவில்லை.]

6

அக்காவுக்கு அந்த வேலை கிடைத்தது. கதையை இங்கே முடிப்பது எனக்கு ரொம்ப வசதி. ஆனால் அது வியாழக்கிழமை. நான் தாண்டிவிட்டது செவ்வாய்க்கிழமை வகுப்பின் மீதியை.

நேர்முகத் தேர்வுப் பயிற்சிக்காக அன்று டீச்சர் கொடுத்த கேள்வி: ‘நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள்.’ அக்கா, பச்சைத் துணியோடு வெள்ளைத் தலையணை உறைகளைப் போட்டுத் துவைத்ததைச் சொன்னார். ஏழு வாக்கியம். நான்கில் பிழை. ஓர் இடத்திலும் நிற்கவில்லை. அண்ணன், ஒருவரை உள்ளே வைத்தே லிஃப்ட்டைப் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனதைச் சொன்னார். அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

அடுத்து நான். ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினை என்று ஒன்று உண்டு. செய்தவன் பெயரைச் சொல்லாமலே செய்ததைச் சொல்லிவிடலாம்.

“இந்தக் குழுவில் ஒரு நாள் சிரிக்கப்பட்டது” என்றேன், இலக்கணச் சுத்தமான ஆங்கிலத்தில்.

“ரொம்ப சரி!” டீச்சருக்கு ஒரே சந்தோஷம். “ஆனா, யாரால?”

அக்கா நாற்காலியை என் பக்கம் திருப்பினார். அண்ணன் மின்விசிறியைப் பார்த்தார்.

‘பை’ என்றேன். தமிழில் ‘என்னால்’ என்பதில் வரும் ‘ஆல்’ மட்டும். அதற்குப் பின் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. எங்கள் குழுவில் நாலாவது ஆளுக்கு எப்போதும் இடமுண்டு. இதைப் படிக்கிற நீங்கள் வாருங்கள், உட்காருங்கள். அந்தச் சொல்லை நீங்கள் சொல்லிவிட்டால், சேர்ந்து செய்ததாக ஆகிவிடும்.