மூன்றாம் வளைவின் வெள்ளைக் கோடு

ஏரியைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் தார்ப்பாதை, சைக்கிளுக்கு மட்டும். விடுமுறைக்கு வருகிறவர்கள் தண்ணீரையும் மலையையும் பார்த்துக்கொண்டே மிதிக்க வேண்டும். சக்கரத்துக்கு அடியில் ஒரு கல் உருளக் கூடாது. அதற்குத்தான் எனக்குச் சம்பளம். பெருக்குவேன், வெடிப்பை அடைப்பேன், நடுக்கோடு மங்கினால் வெள்ளை அடிப்பேன்.

மூன்றாம் வளைவில் மட்டும் கோடு நிற்காது. அங்கே பாதை பாறையை விட்டு இறங்கி மண்சரிவின் மேல் போகிறது. கீழே நேராக ஏரி. மழைக்காலம் முடிந்து போய்ப் பார்த்தால் பாதைக்குக் குறுக்கே ஒரு வெடிப்பு இருக்கும். வெடிப்புக்கு அந்தப் பக்கம் கோடு ஒரு விரல் அளவு ஏரியை நோக்கி ஒதுங்கியிருக்கும். நான் வெடிப்பில் தார் ஊற்றுவேன். ஒதுங்கிய கோட்டின் மேல் கறுப்பு அடித்துவிட்டு, நூல் பிடித்துப் புதிதாகப் போடுவேன். நான்கு வருடமாக இதே கதைதான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. கோணல் கோட்டைப் பார்த்தால் எனக்குக் கண்ணில் தூசி விழுந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை இன்ஜினியர் வந்தார். வருடத்துக்கு ஒருமுறை வருகிறவர். மூன்றாம் வளைவில் குனிந்து போட்டோ எடுத்தார். முந்தின நாள் நான் அடித்த கோட்டைச் செருப்பு நுனியால் தட்டினார்.

"மண்ணு நகர்ந்தா மொதல்ல இந்தக் கோடுதான் ஒடியும். அதனாலதான் வருஷா வருஷம் இதைப் படம் புடிக்கிறோம்" என்றார், கூட நின்ற என் சூப்பர்வைசரிடம். "நாலு வருஷமா இம்மி அசையல பாருங்க. கெட்டியான எடம்."

என் கையில் பிரஷ் இருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனேன். இன்ஜினியரின் ஜீப் போய், தூசி அடங்கிய பிறகுதான் நாக்கு வந்தது.

"சார், அந்தக் கோட்டை நான்தான் நேராக்கிக்கிட்டு வரேன்."

சூப்பர்வைசர் நின்றார். "எத்தனை தடவை?"

"அஞ்சு. இந்த வருஷம் மட்டும் ரெண்டு."

அவர் என்னைப் பார்க்கவில்லை, ஏரியைப் பார்த்தார். "சனிக்கிழமை சீசன் தொறக்குது. லாட்ஜ் பூரா ஆளு வந்து எறங்கியாச்சு. சீசன் முடியட்டும், நானே சொல்றேன். இப்ப நீ போய்ச் சொன்னா, மறைச்சவன் யாருன்னு கேப்பாங்க. ஒன் கை வேலைதானய்யா அது?"

சைக்கிள்காரர்களுக்கு வழிகாட்டியாக முன்னால் போகிறவள் என் மகள். சனிக்கிழமை முதல் சுற்று அவளுடையது. வெள்ளி மாலை வாசலில் உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கு மூணாவது வளைவுப் பக்கம் போகாதம்மா."

"ஏரியைச் சுத்துற பாதைப்பா. அதைத் தாண்டாம பறந்தா போக முடியும்?"

"அங்க கோடு நகருது."

"நகர்ந்தா திரும்பப் போடுங்க. உங்களுக்குத்தான் அதுல ஒரு கிறுக்கு உண்டே." சிரித்தாள். "கல்யாணத்துக்குக் கூட நூல் புடிச்சுத்தான் தாலி கட்டினீங்களாம், அம்மா சொன்னாங்க."

அவள் சிரிக்கும்போது நான் செய்து வைத்ததைச் சொல்ல வாய் வரவில்லை. உள்ளே போய்ப் படுத்துவிட்டேன்.

சனிக்கிழமை விடிந்ததும் தள்ளுவண்டியில் சுரண்டியும் நூலும் சுண்ணாம்புப் பொடியும் எடுத்துக்கொண்டு போனேன். வெடிப்பு மறுபடியும் திறந்திருந்தது. புதன்கிழமை போட்ட கோடு அதற்குள் ஒரு விரல் ஒதுங்கியிருந்தது. முன்பெல்லாம் அதற்கு ஒரு மழைக்காலம் வேண்டியிருந்தது.

கறுப்பைச் சுரண்டினேன். அடியிலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. ஐந்து கோடுகள், பழையது ஏரிக்கு மிக அருகில், தண்ணீருக்கு இறங்கும் படிக்கட்டு மாதிரி. பிறகு வெடிப்பின் இரண்டு பக்கமும் சேர்த்து நூலை இழுத்துப் பிடித்து, இனி அசைந்தால் தெரியட்டும் என்று சுண்ணாம்பில் ஒரு நேர்கோடு தட்டினேன். தள்ளுவண்டியைப் பாதைக்குக் குறுக்கே கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தேன். காற்று இல்லை. ஆனாலும் சரிவிலிருந்து சின்னக் கற்கள் ஒன்றிரண்டு தண்ணீரில் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து மகள் வந்தாள். பின்னால் ஆறு சைக்கிள்கள்.

"என்னப்பா இது? வண்டிய எடுங்க, எல்லாரும் பாக்குறாங்க."

"எறங்கி வந்து பாரு."

வந்தாள். கோடுகளைப் பார்த்தாள். "யாரு இத்தனை போட்டது?"

"நான்தான். நகர நகர மறைச்சேன். அழகா இருக்கணும்னு மறைச்சேன்."

அவள் திரும்பி, வந்தவர்களை லாட்ஜுக்கே போகச் சொன்னாள். பிறகுதான் அவள் முகம் வெளுத்தது.

"அப்பா, கூட்டம் அதிகம்னு பாதிப் பேரை எதிர்ப்பக்கமா அனுப்பிட்டேன். இங்கதான் வந்து சேரணும்னு சொன்னேன். எட்டுப் பேரு."

வளைவுக்கு அப்பால், மேட்டிலிருந்து சைக்கிள் மணிச்சத்தம் கேட்டது. அவள் தள்ளுவண்டியைத் தாண்டக் காலைத் தூக்கினாள். கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ நில்லு. தார் சட்டி தூக்கித் தேய்ஞ்ச உடம்பு இது, எனக்கு என்ன வெயிட்டு இருக்கு?"

"அப்பா, வேணாம்ப்பா!"

அந்தப் பக்கத்துப் பாறைக்கு நாற்பது தப்படி. நான்கு வருடமாகப் பெருக்கிய நாற்பது தப்படி. ஓடவில்லை, அதிர்ச்சி கொடுக்கக் கூடாதென்று நடந்தேன். காலுக்குக் கீழே தார், உள்ளே ஒன்றுமில்லாத பலகை மாதிரி ஒலித்தது. நடுவழியில் ஒருமுறை, பாதை என்னை விட்டுக் கொஞ்சம் இறங்கிய மாதிரி இருந்தது.

பாறையில் கால் வைத்ததும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாதை நடுவில் நின்றேன். முன்னால் வந்தவன் பிரேக்கைப் பிடித்துச் சறுக்கி, என் முழங்காலில் வந்து முட்டினான். "பைத்தியமாய்யா நீ?" என்றான். ஆமாம் என்றேன். எட்டுப் பேரையும் எண்ணித் திருப்பி அனுப்பினேன்.

பிறகு திரும்பிப் பார்த்தேன். காலையில் நான் தட்டிய சுண்ணாம்புக் கோடு மகளின் காலடியில் தொடங்கி, வெடிப்பு வரை வந்து, அங்கே விட்டுப்போயிருந்தது. மீதி ஒரு சாண் தள்ளி, ஏரிப் பக்கம் கிடந்தது.

அவள் கையை உயர்த்தினாள். நானும் உயர்த்தினேன். திரும்பி வாங்க என்று அவள் கூப்பிடவில்லை.